ஒரு கட்டம் குறைவாக நின்ற ராணி

துவான் ஹேயிங்கைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைத்தான் பாடுகிறார்கள். ஆறு வயதில் பலகை முன்னால் உட்கார்ந்தாள், பன்னிரண்டு வயதில் உலகச் சிறுமியர் பட்டம், பிறகு மூன்று தடவை தேசிய மகளிர் சதுரங்கப் பட்டம். அவள் ஈரத் துண்டைக் கட்டில்மேல் போடுவாள், மார்கழிக் குளிரிலும் ஜன்னலைத் திறந்து வைப்பாள், அடுத்தவள் மிளகாய் எண்ணெய் பாட்டிலைக் கேட்காமல் காலி பண்ணுவாள் என்று ஒருத்தராவது எழுதியிருக்கிறார்களா? இல்லை. பதினோரு வருஷம் அவளோடு ஒரே அறையில் குப்பை கொட்டியவள் நான். என் பெயர் பாய் ருய்ஃபாங். நானும் மாகாண அணியில்தான் ஆடினேன். பட்டம் கிட்டம் ஒன்றும் கிடையாது. இப்போது மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், நன்றாகவே ஓடுகிறது.

அவளுடைய அப்பா டவுன் பஸ் ஓட்டினார். பஸ் நிலையத்துக்குப் பின்னால், டீசல் வாடை வீசும் கொட்டகையில், ஷிஃப்ட் முடிந்த ஓட்டுநர்கள் வட்டக்காய் ஆட்டம் ஆடுவார்கள். நம் சீனச் சதுரங்கம்தான், மரக்காய்களை டக் டக்கென்று பலகையில் அறைந்து ஆடுவது. ஹேயிங்கை வீட்டில் விட ஆள் இல்லாததால் அப்பா அங்கே உட்கார்த்தி வைத்திருந்தார். ஆறு வயதில் அவள் நான்கு ஓட்டுநர்களை வரிசையாகத் தோற்கடித்தாள்.

“ஏம்ப்பா துவான், உன் பொண்ணை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய்யா. எங்க மானம் கப்பலேறுது,” என்று ஏழாம் நம்பர் பஸ்காரர் சொன்னாராம்.

“உன் மானம் எப்பய்யா கரையில இருந்துச்சு? இன்னொரு ஆட்டம் ஆடு, பாப்பா காத்துட்டு இருக்கு,” என்றாராம் அவள் அப்பா.

இந்தக் கதை மாகாண விளையாட்டுப் பள்ளிவரை போய், அவர்கள் வந்து பார்த்து, ஒன்பது வயதில் அவளைக் கூட்டிக்கொண்டு போனார்கள். ஆனால் வட்டக்காய்க்கு அங்கே இடம் நிரம்பிவிட்டதாம். வெளிநாட்டுச் சதுரங்கத்தில் சேர்த்தார்கள், ராஜா ராணியெல்லாம் பொம்மை மாதிரி நிற்கும் பலகை. அதிலும் மூன்றே வருஷத்தில் உலகத்திலுள்ள சிறுமிகளையெல்லாம் அடித்துவிட்டாள். பத்திரிகைகள் அதிசயச் சிறுமி என்றன. நான் அந்த வருஷம்தான் அணியில் சேர்ந்தேன், அறையில் அவளுக்கு மேல்கட்டில், எனக்குக் கீழ்க்கட்டில். நான் வந்த முதல் நாளே என் மிளகாய் எண்ணெயில் கை வைத்தாள்.

பிறகு என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. பதினான்கு வயதுக்குமேல் ஒரு பட்டமும் வரவில்லை. மோசமாகத் தோற்கவும் இல்லை, மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது என்று நழுவிக்கொண்டே போனாள். நிருபர்கள் வருஷத்துக்கு ஒருமுறை தொலைபேசியில் கூப்பிட்டு, அந்த அதிசயச் சிறுமி இப்போது எங்கே என்று அவளிடமே கேட்பார்கள்.

“அது போயிடுச்சுடீ,” என்று ஒருநாள் துணி துவைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். “பால் பல்லு விழுமே, அந்த மாதிரி விழுந்துடுச்சு. உள்ளே எதுவும் முளைக்கல.”

“முளைக்கும்டீ. மொதல்ல அந்தச் சட்டையை ஒழுங்கா அலசு, சோப்பு போகவே இல்ல,” என்றேன். வேறு என்ன சொல்வது, எனக்கு அழுகை வந்தது.

அவளுக்குப் பத்தொன்பது வயதானபோது மாகாணம் கணக்குத் தீர்க்கப் பார்த்தது. அந்த வருஷம் தேசியப் பட்டம் வாங்கினால் அணியில் இருக்கலாம், இல்லாவிட்டால் பெட்டியைக் கட்டலாம். அவள் அப்பா முன்யோசனையாக பஸ் கம்பெனியில் அவளுக்கு டிக்கெட் கிழிக்கும் வேலைக்குச் சொல்லி வைத்துவிட்டார். சீருடைக்கு அளவுகூடக் கேட்டுக் கடிதம் போட்டார். அவள் அந்தக் கடிதத்தை மடித்து என் காலணிக்குள் ஒளித்து வைத்தாள். அவளுக்கு வேலை போவதில் பயமில்லை, ஒருகாலத்தில் தன்னிடம் இருந்தது உண்மையிலேயே போய்விட்டதா இல்லையா என்பது தெரியாமலே பஸ் ஏறிவிடுவோமோ என்றுதான் பயம்.

போட்டி சித்திரையில், ஆற்றங்கரை ஊர் ஒன்றில் நடந்தது. வயல் முழுக்க மஞ்சள் கடுகுப்பூ. ஹேயிங் என்ன சாப்பிட்டாளோ தெரியவில்லை, பேய் மாதிரி ஆடினாள். பத்துச் சுற்று முடிந்தபோது அவள்தான் முதலிடம். வடக்கு மாகாணத்து சாய் யீனான் அரைப் புள்ளி பின்னால். கடைசிச் சுற்றில் யாருக்கு யார் என்று கணினி பட்டியல் போட்டது. நான் அறிவிப்புப் பலகையைப் பார்த்தேன், துவான் ஹேயிங்குக்கு எதிரே என் பெயர் இருந்தது.

மதியச் சாப்பாட்டில், கே என்ற எங்கள் குழுத்தலைவர் என் தட்டுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். நல்ல மனுஷன்தான், ஆனால் ரகசியம் பேசும்போது பன்றி இறைச்சித் துண்டை எடுத்து நம் கிண்ணத்தில் வைப்பார். அன்றைக்கு இரண்டு துண்டு வைத்தார்.

“பாய், நாளைக்கு நீ ஜெயிச்சாலும் தோத்தாலும் உனக்கு ஒண்ணும் இல்ல. அவளுக்கு வாழ்க்கை. புரியுதா?”

“புரியலையே தலைவரே.”

“நல்லாப் புரியுது உனக்கு. முரண்டு பிடிக்காதே. பார்க்கிறவங்களுக்குச் சந்தேகம் வராம ஆடு, அப்புறம் கையைக் குடுத்துட்டு எந்திரி. அடுத்த வருஷம் உன் இடத்துக்கு நான் பொறுப்பு.”

“சரி தலைவரே,” என்றேன். துண்டையும் சாப்பிட்டேன்.

எனக்கு ஆத்திரம் என்றால் அப்படியொரு ஆத்திரம். ஒரே அணிக்காரர்கள் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பது அந்தக் காலத்தில் நடக்காததில்லை, அதற்காக ஆத்திரமில்லை. அதுவரை அவளோடு நான் போட்டியில் ஒன்பது ஆட்டம் ஆடியிருந்தேன். ஒன்பதிலும் தோற்றிருந்தேன். உயிரைக் கொடுத்து ஆடியே தோற்கிற என்னிடம் வந்து, தோற்றுக்கொடு என்று இந்த மனுஷன் கேட்கிறாரே. சும்மா இருந்திருந்தால் போதாதா? அவளும் அணியில் இருக்க வேண்டும் என்றுதான் எனக்கும் ஆசை, ஆனால் அந்த நிமிஷம் என் வீம்பு தலைக்கு ஏறிவிட்டது. வாயால் சரி சொல்லியாயிற்று, கையால் சொல்லப்போவதில்லை என்று முடிவு பண்ணினேன். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை அவளை அடித்துப் பார்த்துவிட வேண்டும்.

அணியில் ஒரு வழக்கம் உண்டு. மறுநாள் எதிரெதிரே உட்காரப்போகிறவர்கள் அதற்கு முன்னால் பேசிக்கொள்ள மாட்டோம். ஒரே அறையாக இருந்தாலும் குறுக்கே போர்வையைத் தொங்கவிட்டுக்கொள்வோம். அதனால், தலைவர் அவளிடமும் போய், கவலைப்படாதே, பாய் பார்த்துக்கொள்வாள் என்று சொல்லியிருந்தது எனக்குத் தெரியாது. என் மனசில் இருந்தது அவளுக்குத் தெரியாது. அவ்வளவு நெருக்கத்தில் இரண்டு முட்டாள்கள் மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தோம்.

காலையில் ஆட்டம். எனக்குக் கறுப்புக் காய். ஆறு மாதமாக யாருக்கும் காட்டாமல் வைத்திருந்த தொடக்கத்தை எடுத்துவிட்டேன். அவள் ஒரு தடவை என்னை நிமிர்ந்து பார்த்தாள், அதோடு சரி. பதினேழாவது நகர்வில் தன் குதிரையை எடுத்து எனக்கு முன்னால் சும்மா வைத்தாள், எடுத்துக்கொள் என்பதுபோல. ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. இருபது நிமிஷம் தேடினேன், ஒரு வலையும் தெரியவில்லை. குதிரையை வெட்டினேன். நான்கு நகர்வு கழித்துத்தான் என் ராஜாவைச் சுற்றி இருந்த கூரை முழுக்கக் காற்றில் பறந்திருப்பது தெரிந்தது.

இருபத்து மூன்றாவது நகர்வுக்கு நாற்பது நிமிஷம் யோசித்தேன். என் யானையைப் பலகையின் மூலைக்குத் தள்ளினேன். பார்க்கக் கோமாளித்தனமாக இருக்கும், ஆனால் என் புத்திக்கு எட்டியவரை அது ஒன்றுதான் வழி. எதிரே அவள் முகம் சுருங்கியது. ஏதோ அசிங்கத்தைப் பார்த்துவிட்டவள் மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அது ஏன் என்று அப்போது புரியவில்லை.

அதற்கப்புறம் அவள் என்னை ஓட ஓட விரட்டினாள். ஒவ்வொரு காயாகப் போயிற்று. வேறு யாராக இருந்தாலும் ஆட்டத்தை விட்டுக்கொடுத்து எழுந்திருப்பார்கள். நான் எழுந்திருக்கவில்லை. கே தலைவர் பார்வையாளர்களைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார், அந்தத் தலையாட்டலைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைசியில் மூலையில் என் ராஜா தனியாக நின்றது. அவளுக்கு ராஜாவும் ராணியும். சாய் ஏற்கனவே தன் ஆட்டத்தை ஜெயித்துவிட்டு ஓரமாக நின்று சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தாள். ஹேயிங் ராணியை இரண்டு கட்டம் தள்ளினால் செக்மேட், பட்டம் அவளுக்கு. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும்.

அவள் ராணியை ஒரே ஒரு கட்டம் தள்ளி வைத்தாள். வைத்துவிட்டு எழுந்து, சிரித்தபடி எனக்குக் கையை நீட்டினாள்.

என் ராஜாவுக்குச் செக் இல்லை. ஆனால் எந்தப் பக்கமும் நகரவும் முடியாது. வட்டக்காய் ஆட்டத்தில் எதிராளியை இப்படி நகர இடமில்லாமல் மடக்கிவிட்டால் ஜெயித்தாயிற்று. வெளிநாட்டுச் சதுரங்கத்தில் அப்படியில்லை. அதற்குப் பெயர் டிரா, ஆளுக்கு அரைப் புள்ளி. ஹேயிங்கும் சாயும் புள்ளியில் சமம், இனி பட்டம் யாருக்கு என்பது மத்தியானம் வேக ஆட்டத்தில்தான்.

“துவான், என்ன பண்ணிட்டே? இது டிராம்மா,” என்றார் நடுவர்.

ஹேயிங் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “ஐயய்யோ. பஸ் ஸ்டாண்ட் புத்தி போகலையே சார். எங்க ஊர்ல இது ஜெயிப்பு.”

கூடம் முழுக்கச் சிரிப்பு. சாய் சிரித்த சிரிப்பில் விதை புரையேறிவிட்டது. எங்கள் நாட்டு ஆள்களைத் தவிர வேறு யாரும் இந்தத் தப்பைப் பண்ண முடியாது. சின்ன வயதில் தெருவில் மரக்காய் ஆடி வளர்ந்த அத்தனை பேரும் ஒரு தடவையாவது பண்ணியிருப்போம், எட்டு வயதில், ஒன்பது வயதில். பத்தொன்பது வயதில், தேசியப் பட்டத்துக்கான ஆட்டத்தில் பண்ணிய ஒரே ஆள் இவள்தான். கே தலைவர் முகம் வேகவைத்த நண்டாகிவிட்டது.

நான் அவளைத் தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“என்னடீ பண்ணித் தொலைச்சே? ரெண்டு கட்டம்டீ. ரெண்டு கட்டம் எண்ணத் தெரியாதா உனக்கு?”

“தெரியும்,” என்றாள். வெந்நீர்க் குடுவையைத் திறந்து நிதானமாகக் குடித்தாள். “தலைவர் எங்கிட்டயும் சொன்னார். நீ எனக்காகத் தோக்கப் போறேன்னு. உன்மேல கோவமில்லடீ. ஆனா நீ குடுத்து நான் வாங்கினா, எங்கிட்ட அது இருக்கா இல்லையான்னு சாகுறவரைக்கும் எனக்குத் தெரியாமலே போயிடும். மத்தியானம் சாயோட வேக ஆட்டம் இருக்கு. அவ எனக்கு எதையும் சும்மா குடுக்க மாட்டா.”

நான் வாயைத் திறந்தேன். நான் விட்டுக்கொடுக்கவில்லை, என் மொத்த புத்தியையும் கொட்டித்தான் ஆடினேன், நீ நேர்மையாக ஜெயித்த பட்டத்தைத்தான் தூக்கிப் போட்டுவிட்டாய் என்று சொல்ல வேண்டும். அடுத்த ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. இதைக் கேட்டுவிட்டு இவள் எப்படி சாய்க்கு எதிரே உட்காருவாள்? வாயை மூடிக்கொண்டேன்.

“சாப்பிட வா. எள்ளு ரொட்டி ஆறிப்போகும்,” என்றேன்.

மத்தியானம் இரண்டு வேக ஆட்டம். முதல் ஆட்டத்தில் சாயைத் தலைகீழாகக் கவிழ்த்தாள், இரண்டாவதை டிரா ஆக்கினாள், பட்டம் வாங்கினாள். நான் கத்திய கத்தில் எனக்கு இரண்டு நாள் தொண்டை கட்டிப்போயிற்று. அவள் அப்பா குத்துமதிப்பான அளவில் வாங்கி வைத்திருந்த சீருடையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஓட்டுநர்கள் எல்லாருக்கும் விருந்து போட்டாராம். ஏழாம் நம்பர்காரர், டிக்கெட் கிழிக்க நல்ல ஆள் போச்சே என்று வருத்தப்பட்டாராம்.

அதற்குப் பிறகு மீதிக் கதை ஊருக்கே தெரியும். இன்னும் இரண்டு தேசியப் பட்டம், அணிக்கு உலகப் பதக்கம், கல்லூரி வேலை. எங்கே போனாலும் அந்த டிரா கதையும் கூடவே போயிற்று. யாராவது மேடையில் அதைச் சொல்லிச் சிரிக்க வைப்பார்கள், அவளும் கூடச் சிரிப்பாள். எனக்காகத்தான் அந்தப் பேரைச் சுமந்தாள். உண்மையைச் சொன்னால் நான் தோற்றுக்கொடுத்தவள் ஆகிவிடுவேனாம். நான் விட்டுக்கொடுக்கவில்லை என்பதை அவளிடம் ஏன் சொல்லவில்லை என்றால், முதலில் அவளுக்காக. அப்புறம், நாளாக ஆக, சொல்ல வெட்கம். அப்புறம், ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், அவளிடம் நான் வாங்கிய ஒரே அரைப் புள்ளி அது. என் கடைக்கு வருகிறவர்களிடம்கூட பீற்றிக்கொண்டிருந்தேன், துவான் ஹேயிங்கோடு டிரா பண்ணியவள் என்று.

போன மாதம் அவள் போட்டி ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றாள். முப்பத்தெட்டு வயது. விழாவில் ஒரு அதிகாரி வழக்கம்போல பஸ் ஸ்டாண்ட் கதையை எடுத்துவிட்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவள் வீட்டுச் சமையலறையில் இரண்டு பேரும் கொழுக்கட்டைக்கு மாவு தேய்த்துக்கொண்டிருந்தோம்.

“அந்த ஆளு என்னமா கதை அளந்தான் பார்த்தியா,” என்று சிரித்தேன்.

“அளக்கட்டும்,” என்றாள். “ஒண்ணு சொல்லட்டுமாடீ? அன்னைக்கு நீ விட்டுக்குடுக்காம ஆடியிருந்தா நான் உங்கிட்டயே தோத்திருப்பேன். அந்தப் போட்டி முழுக்க எப்படியோ தள்ளிட்டேன், கடைசிச் சுற்றுல, முந்தின ராத்திரியெல்லாம் தூங்காம, மண்டை காலி. சாயை ஜெயிச்சதுகூட வேக ஆட்டத்துலதான், குருட்டு அதிர்ஷ்டம். அந்த மொதல் பட்டம் என்னுதான்னு இன்னைக்கும் எனக்கு நம்பிக்கை இல்ல.”

மாவு உருட்டும் கட்டையை டொம்மென்று வைத்தேன். பத்தொன்பது வருஷம் பொறுத்தாயிற்று.

“யாருடீ விட்டுக்குடுத்தது? யாரு? நான் விட்டுக்குடுக்கவே இல்ல. சரின்னு அவர்கிட்ட வாயால சொன்னேன், அவ்வளவுதான். உன்னை அடிக்கணும்னு ஆறு மாசமா மறைச்சு வெச்சிருந்த தொடக்கத்தை எடுத்து ஆடினேன். உயிரைக் குடுத்து ஆடினேன்டீ.”

அவள் கையில் இருந்த கொழுக்கட்டை மூடாமலே நின்றது. “பொய் சொல்லாதே.”

“என் கடைமேல சத்தியம்.”

“அந்த இருபத்து மூணாவது நகர்வு? யானையை மூலையில கொண்டுபோய் வெச்சியே. அதைப் பார்த்துதான் எனக்கு வயித்தெரிச்சலே வந்துச்சு, இவ்வளவு வெளிப்படையாவா தோத்துக்குடுப்பாங்கன்னு.”

“நாற்பது நிமிஷம் யோசிச்சு வெச்சேன்.”

அவள் கையைக்கூடக் கழுவவில்லை. மாவுக் கையோடு பலகையை எடுத்துவந்து கொழுக்கட்டைத் தட்டுகளுக்கு நடுவே வைத்தாள். முதல் நகர்விலிருந்து இரண்டு பேருக்கும் ஒன்றுவிடாமல் ஞாபகம் இருந்தது. இருபத்து மூன்றில் நிறுத்தி, காய்கள் நின்ற நிலையைக் கைபேசிச் சதுரங்கச் செயலியில் பதித்தாள். இப்போதெல்லாம் எந்தக் கொம்பனையும்விடக் கைபேசி நன்றாக ஆடுகிறது. அது கொஞ்சம் யோசித்துவிட்டு, கறுப்புக்கு இருக்கும் ஒரே நல்ல நகர்வு யானை மூலைக்குப் போவதுதான் என்று காட்டியது.

“பார்த்தியா,” என்றேன்.

அவள் ஆட்டத்தை இன்னும் பின்னுக்கு நகர்த்தினாள். பதினேழாவது நகர்வு, குதிரையைச் சும்மா கொடுத்த இடம். கைபேசி முதலில் அது தப்பு என்றது. விட்டுவைத்தோம். ஒரு நிமிஷம் கழித்து மனசை மாற்றிக்கொண்டு, அதுதான் இருப்பதிலேயே சிறந்தது என்றது. அங்கிருந்து கடைசிவரை ஒவ்வொரு நகர்வாகப் பார்த்தோம். ராணியை ஒரு கட்டம் குறைத்த அந்தக் கடைசி நகர்வைத் தவிர, அவள் வைத்த ஒவ்வொன்றும் அது சொன்னதுதான். அடுப்பில் தண்ணீர் கொதித்து வழிந்தது, நான்தான் எழுந்துபோய் அணைத்தேன்.

திரும்பி வந்தபோது அவள் கன்னத்தில் மாவும் கண்ணீரும் கலந்து வழிந்துகொண்டிருந்தது. சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

“அப்ப இருந்திருக்குடீ,” என்றாள். “போகவே இல்ல. எங்கிட்டதான் இருந்திருக்கு.”

“இருந்துச்சுடீ. அதுல நசுங்கினவ நான் சொல்றேன்.”

பலகையில் கடைசி நிலை அப்படியே நின்றது. மூலையில் என் ராஜா, ஒரு கட்டம் குறைவாக அவள் ராணி. அவள் மூக்கை முழங்கையால் துடைத்துக்கொண்டாள். ராணியை எடுத்து அந்த ஒரு கட்டத்தைத் தள்ளி வைத்தாள்.

“செக்மேட்,” என்றாள்.

நான் எழுந்து நின்று கையை நீட்டினேன். அந்த அரைப் புள்ளியை இனிமேல் கடையில் சொல்ல முடியாது.